இடது காலைச் சும்மா வையி, கண்ணு!

புதுசா வண்டி எடுத்துப்போட்டியாமே கண்ணு? டீசல் பிக்கப்பு. அதும் கியரு தன்னால மாறுற வண்டி. 30 லட்சத்துக்கு மேல முட்டுவழி பண்ணிப்போட்டு, மொகத்தை ஏன்டா இப்பிடித் தொங்கப் போட்டிருக்கறே?

"கியரு எப்ப மாறும்னே தெரிய மாட்டேங்குது. நான் ஒண்ணு நெனச்சா அது ஒண்ணு பண்ணுது. மாறும்போது ஒரு உதறு வேற உதறுது"ங்கறே. சரி, அதுக்கு நீ என்ன பண்ணினே? ராத்திரி பூராவும் செல்போன்ல வீடியோ பாத்தே. காலையில எந்திரிச்சதும் சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிட்டுப் போயிட்டே. அங்க இருந்த பையன் கம்ப்யூட்டரை மாட்டிப் பாத்துப்போட்டு, "சார், வண்டியில ஒரு கோளாறும் இல்லை"ன்னான். அப்ப கோளாறு ஆருகிட்ட இருக்குதுன்னு அவன் மரியாதைக்குச் சொல்லலை. நான் சொல்றேன், கேட்டுக்க.

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கூடம் நேராத்தான் இருக்குது, சாமி.

உன்னைக் கொளப்பினதுல டீக்கடைப் பெஞ்சுக்கும் பங்கு உண்டு. அங்க உக்காந்திருக்கறவங்கள்ல ஒருத்தரும் இந்த வண்டிய ஓட்டினதில்லை. அதனாலதான் அவ்வளவு தெளிவாச் சொல்றாங்க. ஒருத்தன் "ஆட்டோமேட்டிக்கு லோடு இழுக்காது"ங்கறான். இன்னொருத்தன் "மலை ஏறாது"ங்கறான். மூணாவது ஆளு மீசைய முறுக்கிட்டு, "கியரு போட்டு ஓட்டினாத்தான் ஆம்பளை"ங்கறான். ஏன்டா, ஆம்பளைத்தனம் கிளட்சுலயா இருக்குது? அப்பிடிப் பாத்தா, முட்டி தேஞ்சு நொண்டற பழைய லாரி டிரைவருதான் ஊருலயே பெரிய வீரன். அந்த மனுசனைக் கேட்டுப்பாரு, தன்னால கியரு மாறுற லாரிய அன்னைக்கே குடுத்திருந்தாக் கும்பிட்டு வாங்கியிருப்பேன்னு சொல்லுவாரு.

லோடு இழுக்காதா? அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ்காரன் ஹைட்ராமேட்டிக்குன்னு தன்னால கியரு மாறுற பொட்டியக் கொண்டாந்தது 1939-ல. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காருல மாட்டி வித்தான். ரெண்டாம் உலகப் போருல அதே பொட்டிய எம்5 ஸ்டூவர்ட் டாங்கியில மாட்டிச் சண்டைக்கே அனுப்பிச்சான். யுத்தத்துக்கு ஆச்சு, பொள்ளாச்சி சந்தைக்குத் தேங்காய் கொண்டு போக ஆகாதாக்கும்? சுரங்கத்துல 100 டன் சுமக்கற டம்பரு லாரிய என்ன, கிளட்சு மிதிச்சா ஓட்டறாங்க?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2022-ல நம்ம நாட்டுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ் இருக்குதல்ல? ரெண்டு வகையிலயும் ஒரே 2.8 லிட்டர் டீசல் இன்ஜின்தான். கையால கியரு போடற வண்டிக்கு 420 நியூட்டன் மீட்டர் இழுவை. தன்னால மாறுற வண்டிக்கு 500. "ஏனுங் கம்பெனிக்காரரே, ஆம்பளைக்கு மட்டும் 80 கொறைச்சுப்போட்டீங்க"ன்னு அந்த மீசைக்காரனைப் போயிக் கேக்கச் சொல்லு. சென்னைக்கு வடக்கால, ஆந்திரா எல்லையில ஸ்ரீசிட்டி இருக்குது. 2016-லிருந்து அங்கதான் இசுசு பிக்கப்பு தயாராகுது. அவங்க வி-கிராஸும் 1.9 லிட்டர், 163 குதிரை, 360 நியூட்டன் மீட்டர். ஆறு கியரும் தன்னால மாறும். மலை ஏறாத வண்டிய விக்கறதுக்கு அவனுக்கென்ன பைத்தியமா?

உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா பாதி வெசனம் போயிரும். கிளட்சு வண்டியில இன்ஜினும் கியர்பாக்ஸும் தட்டோட தட்டு ஒட்டிச் சுத்தும். இதுல நடுவுல டார்க் கன்வெர்ட்டர்னு ஒரு டப்பா. டப்பா நெறைய எண்ணெய். இன்ஜின் பக்கம் இறக்கை வச்ச சக்கரம் ஒண்ணு, கியரு பக்கம் இன்னொண்ணு. இது சுத்தி எண்ணெயைத் தள்ளும். தள்ளின எண்ணெய் அதைச் சுத்த வைக்கும். நடுவுல மூணாவதா ஒரு சின்னச் சக்கரம் எண்ணெயைத் திருப்பி விடும். அதனால வண்டி கெளம்பறப்ப இழுவை ரெண்டு மடங்கு வரைக்கும் கூடும். இதைக் கண்டுபுடிச்சு 1905-ல காப்புரிமை வாங்கினவரு ஹெர்மன் ஃபோட்டிங்கர், ஜெர்மனிக்காரரு. காருக்காகவா கண்டுபுடிச்சாரு? கப்பலுக்காக. கப்பலைத் தள்ளற வித்தை, உன்ற வண்டியத் தள்ளாமப் போயிருமா?

பிரேக்குல இருந்து காலை எடுத்ததும் வண்டி தன்னால ஊருதுன்னு பயந்தியே, அதுக்கும் இந்த எண்ணெய்தான் காரணம். சக்கரத்துக்கடியில இன்னொரு தடவை எலுமிச்சம்பழம் வச்சு நசுக்காதே. பஸ் ஸ்டாண்டு நெரிசல்ல ஆக்சிலேட்டரையே தொட வேண்டாம், பிரேக்கை விட்டு விட்டுப் புடிச்சாப் போதும். தோப்பு வரப்பு மேல லோடோட ரிவர்ஸ் ஏத்தறப்ப, கிளட்சு தட்டு கருகற நாத்தமும் இல்லை.

இன்னொண்ணு. சின்னக் காருல ஏ.எம்.டி-ன்னு ஒண்ணு வருதல்ல, 2014-ல மாருதி செலேரியோவுல வந்தது? அது பழைய கியர்பாக்ஸேதான். கிளட்சை மிதிக்கறதையும் கியரு போடறதையும் உனக்குப் பதிலா ஒரு கருவி பண்ணும், அவ்வளவுதான். கியரு மாறறப்ப உக்காந்திருக்கறவன் தலைய ஆட்டும். அந்தக் காரு வச்சிருக்கறவன் சொல்ற கொறையக் கொண்டாந்து இந்த வண்டி மேல ஏத்தாதே. அது வேற சாதி.

இனி சோலிக்கு வாரேன். மொதல்ல உன்ற இடது காலு.

வருசக்கணக்குல கிளட்சு மிதிச்ச காலு அது. வேகத்தடையப் பாத்தா தன்னால எந்திரிக்கும். கிளட்சைத் தேடும். அது இருந்த எடத்துக்கிட்ட இப்ப அகலமா பிரேக்குதான் நிக்குது. கிளட்சுன்னு நெனச்சு ஓங்கி ஒரு மிதி! முன்சீட்டுல இருக்கற உன்ற அம்மா போயிக் கண்ணாடிக்கு முத்தம் குடுப்பா. பின்னால வர்ற பால்காரன் உன்ற தொட்டிக்குள்ள ஏறி உக்காந்துக்குவான். கிளட்சை அடி வரைக்கும் மிதிக்கறதுதான் இடது காலுக்குத் தெரியும். பிரேக்கை எவ்வளவு மிதிக்கணும்ங்கற பக்குவம் அதுக்குக் கெடையாது.

அதனால, இடது காலை ஓரமா வையி. வச்சுப்போட்டு மறந்துரு. ஆக்சிலேட்டரும் பிரேக்கும் வலது காலு ஒண்ணோட வேலை. ஒரே காலு ரெண்டையும் பாத்தா, ரெண்டையும் ஒரே நேரத்துல மிதிக்க முடியாது. அதுல எவ்வளவு பெரிய பாதுகாப்பு இருக்குது, பாத்தியா? உலகத்துலயே கஷ்டமான வேலை எது தெரியுமா? சும்மா இருக்கறது. சித்தருங்க குகையில உக்காந்து வருசக்கணக்காப் பழகினதை உன்ற இடது காலு நாலே நாள்ல பழகோணும். கஷ்டந்தான். ஆனாப் பழகிரும்.

இடது கையும் அப்பிடித்தான். எந்நேரமும் கியரு ராடைப் புடிச்சுக்கிட்டே ஓட்டறே. விட்டா எங்க ஓடிப்போயிருமாம்? ரெண்டு கையும் ஸ்டீயரிங்ல இருக்கட்டும்.

அடுத்தது வலது காலு. கியரு எப்ப மாறும்னு தெரியலைங்கறயே, அதைத் தீர்மானிக்கறதே அந்தக் காலுதான். உள்ள இருக்கற கம்ப்யூட்டரு வண்டியோட வேகத்தைப் பாக்கும், இன்ஜினோட சொமையப் பாக்கும், நீ எவ்வளவு அமுக்கறேன்னு பாக்கும். லேசா அமுக்கினா, இவனுக்கு அவசரமில்லைன்னு சீக்கிரமே மேல் கியருக்குப் போயிரும். ஓங்கி அமுக்கினா, இவன் எவனையோ முந்தப் போறான்னு ரெண்டு கியரு கீழ எறங்கி உறுமும்.

நீ என்ன பண்றே? அமுக்கறே. அது ஒரு நொடி யோசிக்குது. அந்த ஒரு நொடி பொறுக்காம இன்னும் அமுக்கறே. அது கீழ எறங்கிக் கத்துது. பயந்துபோயி காலை எடுக்கறே. அது மேல போகுது. மறுக்கா அமுக்கறே. இப்பச் சொல்லு, உதறறது ஆரு? வண்டியா, நீயா?

டீசல் இன்ஜினுக்கு உசுரு கீழதான் இருக்குது. அந்த ஹைலக்ஸுக்கு 1600 சுத்துலயே முழு இழுவையும் வந்துருது. இன்ஜின் சுத்தைக் காட்டற முள்ளை மேல ஏத்தி அலற விட வேண்டிய சோலியே இல்லை. அதனாலதான் சட்டுன்னு அடுத்த கியரு போடுது. இன்ஜின் திணறுதுன்னு நீ நெனைக்கறே. அது நிம்மதியா இழுத்துட்டிருக்குது. காலை ஒரே சீரா வச்சிரு. மேல் கியரு வேணுமா? காலை ஒரு நூல் தளர்த்து, விழும். லாரிய முந்தோணுமா? ரோடு காலியா இருக்கறப்பவே அமுக்கு. எதுக்கால பஸ்ஸைப் பாத்ததுக்கு அப்புறம் அமுக்கிப்போட்டு, பொட்டி யோசிக்குதுன்னு பொலம்பாதே. அது ஒரு நொடி யோசிக்கறது பெரிசில்லை. நீ யோசிக்காம எறங்கறதுதான் பெரிசு.

"ஆறு கியருக்கு அஞ்சு தடவைதானே மாறோணும், ஆனா முள்ளு ஆறு தடவை எறங்குதே"ன்னு கேட்டயல்ல? சரியாத்தான் எண்ணியிருக்கறே, பாராட்டறேன். வேகம் ஒரு நெலைக்கு வந்ததும் அந்த எண்ணெய் டப்பாவுக்குள்ள லாக்-அப் கிளட்சுன்னு ஒண்ணு ரெண்டு சக்கரத்தையும் சேத்துக் கட்டிரும். எண்ணெய் வீணாச் சூடாகறது நின்னுரும், டீசலும் மிச்சம். முள்ளு கொஞ்சம் எறங்கறது அதுக்குத்தான். கியருமில்லை, கோளாறுமில்லை.

"காலையில எடுத்ததும் கியரு லேட்டா மாறுது"ங்கறே. எண்ணெய் சூடேறற வரைக்கும் அப்பிடித்தான் இருக்கும். மார்கழிக் குளிருல நீ எத்தனை மணிக்குப் போர்வைய விட்டு வெளிய வாரே? அது மட்டும் தொட்டதும் துள்ளோணுமா? பேட்டரியக் கழட்டி மாட்டினாக்கூட, நெறைய வண்டியில பொட்டி அதுவரைக்கும் பழகினதை மறந்துபோயி, கொஞ்ச நாளைக்கு முரட்டுத்தனமா மாறும். அப்புறம் ஓட ஓட மறுபடியும் தன்னைச் சரி பண்ணிக்கும். இரும்புப் பொட்டியே பழகுது. நீ பழகக் கூடாதா?

பின்னால தூக்கிப் போடறதுக்கும் பழி கியருமேல. தொட்டிக்கடியில பட்டை பட்டையா அடுக்கின ஸ்பிரிங்கைப் பாத்தியா? லோடு தாங்கறதுக்குன்னு பண்ணினது. காலித் தொட்டியோட ஓட்டினாத் துள்ளத்தான் செய்யும். நீதான் தொட்டிக்கு மூடி போட்டு வச்சிருக்கறயே! ரெண்டு மூட்டை புண்ணாக்கு ஏத்தச் சொன்னா "பெயின்டு கீறும்"ங்கறே. கூரை மேல வரிசையா லைட்டு. ஆறு தாண்டறதுக்கு மூக்குல குழாய். சாளையிலிருந்து இட்டேரி வழியா மளிகைக் கடைக்குப் போறதுக்கு இத்தனை ஏற்பாடா? டீ குடிக்கப் போறப்ப "பவர் மோடு" பட்டனை அமுக்கறயாமே. டீ ஆறிப்போயிருமா?

நிறுத்தறதுலயும் ஒரு முறை இருக்குது. "பி"-யில போட்டா உள்ள ஒரு சின்ன இரும்புப் பல்லு போயி மாட்டும். வண்டி எடை ரெண்டு டன் கிட்ட. மேட்டுல நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கு போடாம, "பி"-யில தள்ளிப்போட்டு எறங்கினா, மொத்தப் பாரமும் அந்தப் பல்லு மேலதான். எடுக்கறப்ப "டங்"குன்னு அடிக்கும். அதுக்கும் சர்வீஸ் சென்டருக்கு ஓடுவே. வரிசைய மனசுல வச்சுக்க: பிரேக்கு மிதி, நியூட்ரல் போடு, ஹேண்ட் பிரேக்கு இழு, கால் பிரேக்கை விட்டு வண்டிய உக்கார விடு, அப்புறம் மிதிச்சு "பி" போடு. வண்டி முன்னால உருண்டுட்டிருக்கறப்பவே ரிவர்ஸுக்குத் தள்ளறதையும் இன்னையோட விட்டுரு.

பேட்டரி எறங்கிப்போச்சுன்னு ஆள் கூட்டித் தள்ளாதே. இது தள்ளினா ஸ்டார்ட் ஆகற வண்டியில்லை. தள்ளினவங்களுக்கு டீ வாங்கிக் குடுத்த செலவுதான் மிச்சம். கயித்தைக் கட்டி ரோட்டுல இழுத்துட்டுப் போறதும் ஆகாது. சக்கரம் சுத்தும், ஆனா உள்ள எண்ணெய் பம்பு ஓடாது. பொட்டி தேஞ்சுரும். லாரி மேல ஏத்தித்தான் கொண்டு போகோணும்.

"கியரு எண்ணெயை ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்"னு எவனோ சொன்னானாமே? ஆரோட ஆயுசுக்குன்னு கேட்டியா? உன்ற ஆயுசா, வண்டியோட ஆயுசா, வாரண்டியோட ஆயுசா? எண்ணெய் சூடாகச் சூடாகக் கெட்டுத்தான் போகும். லோடும் மலையுமா ஓடற வண்டிக்கு எப்ப மாத்தறதுன்னு வண்டியோட குடுத்த புத்தகத்துல பாரு. அந்தப் புத்தகத்தை இன்னும் பிளாஸ்டிக் கவருகூடப் பிரிக்காம வச்சிருக்கறே.

இதுவரைக்கும் சொன்னது சில்லறை. இப்பச் சொல்றதுதான் முழு நோட்டு.

அந்தப் பொட்டிக்கு எல்லாம் தெரியும், முன்னால இருக்கற ரோட்டைத் தவிர. வேகம் தெரியும், சொமை தெரியும், எண்ணெய்ச் சூடு தெரியும். அடுத்த வளைவு தெரியாது. நல்லாப் பழகின வண்டி மாடு, வண்டிக்காரன் தூங்கிப்போனாலும் சந்தையிலிருந்து வீடு வந்து சேரும். ஆனா சரிவு வந்தா அவன்தான் எந்திரிச்சு எறங்கி, சக்கரத்துக்குக் கட்டை குடுக்கோணும். அது மாடு பாக்கற சோலியில்லை. கியரு தன்னால மாறுதுன்னு இடது காலுக்குத்தான் லீவு குடுத்திருக்குது, மூளைக்கில்லை.

ஆளியாருலிருந்து வால்பாறை ஏறறே. 40 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு முன்ன காலை எடுக்கறே. மேடு முடிஞ்சுபோச்சாட்ட இருக்குதுன்னு பொட்டி மேல் கியருக்குப் போகும். வளைவுக்குள்ள நொழைஞ்சு அமுக்கறே. அடிச்சுப் புடிச்சுக் கீழ எறங்கும். 40 வளைவுக்கும் இந்தக் கூத்துன்னா எண்ணெய் என்னத்துக்கு ஆகும்? ராடைப் பக்கத்துல தள்ளு. பிளஸ், மைனஸ்னு போட்டிருக்குதல்ல? மைனஸைத் தட்டி ரெண்டுல நிறுத்திக்க. அந்த மைனஸ் சும்மா அழகுக்கு வச்சதில்லை.

ஏறறதுகூடப் பரவாயில்லை. எறங்கறதுதான் சங்கதி. "டி"-யிலயே விட்டுப்போட்டு, பிரேக்கை மிதிச்ச மேனிக்கே எறங்கறவங்க நெம்பப் பேரு. பிரேக்கு சூடாகும், புகையும், கடைசியில மிதிச்சாலும் புடிக்காது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியா எறங்கற ரோட்டுல 36 வளைவு. அங்க வெளியூர் வண்டிக பிரேக்கு புடிக்காமக் கவுந்த கதைய நீலகிரிக்காரங்க ஒவ்வொருத்தரும் சொல்லுவாங்க. கீழ் கியருல போங்கன்னு போலீஸ்காரங்க தொண்டை வத்தக் கத்தறது அதுக்குத்தான்.

இதுல உன்ற சித்தப்பன் வேற ஒரு ரகசியம் சொல்லிக் குடுத்திருக்கறானாம்: "எறக்கத்துல நியூட்ரல் போடு, டீசல் மிச்சம்." நல்ல சித்தப்பன்! கியருல இருக்கறப்ப ஆக்சிலேட்டரை விட்டா, சக்கரமே இன்ஜினைச் சுத்த வைக்கும். டீசல் ஊத்தறதையே கம்ப்யூட்டரு நிறுத்திரும். நியூட்ரல் போட்டா இன்ஜின் தன்னால சுத்தோணும், அதுக்கு டீசல் வேணும். ஆக, மிச்சம் புடிக்கறேன்னு டீசலும் போச்சு, வண்டியப் புடிச்சு நிறுத்தற இன்ஜினும் போச்சு. சித்தப்பன் வீட்டுல நிம்மதியாத் தூங்கறான்.

வழி இதுதான். வளைவுக்கு முன்னயே பிரேக்கு மிதிச்சு வேகத்தைக் கொறை. கொறைச்சுப்போட்டு ரெண்டுக்கு எறக்கு. வேகமாப் போறப்பவே தட்டினாப் பொட்டி கேக்காது, ஒரு சத்தம் குடுத்து மறுத்துரும். உன்னைவிட அது வெவரம். ரெண்டுல எறங்கறப்ப இன்ஜின் சத்தம் கூடும். பயந்துபோயி மேல் கியருக்குத் தட்டாதே. வண்டியப் புடிச்சுக்கிட்டிருக்கற சத்தம் அது. பிரேக்கை அப்பப்பத் தொட்டு விடு, அமுக்கிப் புடிச்சுக்கிட்டே வராதே.

நேர் ரோட்டுல கியரை அதுகிட்ட விட்டுரு, குறுக்க பூந்து நாட்டாமை பண்ணாதே. மலையில மட்டும் நீ எடுத்துக்க, அதுகிட்ட விட்டுப்போட்டுப் பாட்டுக் கேக்காதே. இதுக்கு மேல இந்த வண்டிக்குப் படிப்பு எதுவும் இல்லை.

பழகிட்டமான்னு தெரியோணுமா? அதுக்குச் செல்போன் வேண்டாம். வால்பாறையிலிருந்து ஆளியாரு வந்து எறங்கினதும் வண்டிய ஓரங்கட்டி, முன் சக்கரத்துக்கிட்டப் போயி மோந்து பாரு. கைய வச்சுறாதே, கொப்புளிச்சுரும். மூக்கு போதும். கருகின நாத்தம் அடிச்சா, நீ இன்னும் "டி"-யில போட்டு ஒக்காந்துட்டு வர்ற ஆளுதான். நாத்தமே இல்லையா? அப்ப உனக்கு வண்டி ஓட்டத் தெரிஞ்சுபோச்சு, கண்ணு.